ஹெக்கோட்டு வாலிபரின் நாடகக் கைங்கரியம்

கன்னட நாட்டின் மலைப்பிரதேசத்தில், முன்பு ஷிமோகா என்றும் இப்போது சிவமொக்கா என்றும் வழங்கும் ஜில்லாவில், சாகர தாலூகாவைச் சேர்ந்தது ஹெக்கோடு என்னும் சிற்றூர். பாக்குத் தோட்டங்களும், சிவந்த மண்ணும், ஓட்டு வீடுகளும், வருஷத்தில் பல மாதங்கள் விடாது பெய்யும் மழையுமே அவ்வூரின் ஆஸ்தி. ஜோக் நீர்வீழ்ச்சியைக் காணச் செல்லும் யாத்திரிகர் சாகரத்தில் இறங்கிக் காப்பி அருந்திவிட்டு மேலே செல்வரேயன்றி, பக்கத்தில் இப்படி ஓர் ஊர் இருப்பதை அறிய அவர்களுக்கு நியாயமில்லை. ஆயினும் அவ்வூர்க் குடியானவருக்குக் காளிதாஸனும் ஷேக்ஸ்பியரும் பிரெக்டும் அந்நியரல்லர். பட்டணங்களில் பத்து வருஷத்துக்கொரு முறை, கனவான்கள் தலைமையில், பன்னீர் தெளித்து நடைபெறும் காரியங்கள் அங்கே சாதாரண மாலைப்பொழுதுகளில் நடந்து வந்திருக்கின்றன. இதைச் செய்து காட்டியது சர்க்கார் அன்று; சமஸ்தானமும் அன்று. மீசை சரியாக அரும்பாத கிராமத்து வாலிபர் சிலர் சேர்ந்து ஆரம்பித்த ஒரு சங்கம்.

நீலகண்டேஸ்வர நாட்டியசேவா சங்கம் என்பது அதன் பெயர். நீலகண்டேஸ்வரர் அவ்வூர்த் தெய்வம். பெயர் நீளமாக இருப்பதால் சொற்களின் தலையெழுத்துக்களைக் கூட்டி ‘நீனாசம்’ என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். தமிழ்க் காதுக்கு இது சற்று விபரீதமாக ஒலிக்கும் என்பது உண்மையே. ஆனால் அதே காலத்தில் மங்களகரமான பெயர்களுடன் நமது ஜில்லாக்களில் தோன்றிய வாலிபர் சங்கங்களில் எத்தனை இன்று இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், நாசம் எந்தப் பக்கத்தில் நேர்ந்தது என்பது விளங்கும். 1949இல் பிறந்த ஹெக்கோட்டுச் சங்கம் 75 பிராயத்தைக் கடந்து நிற்கிறது.

அந்த 1949ஆம் வருஷத்தை வாசகர்கள் ஞாபகத்தில் இருத்த வேண்டும். மைசூர் சமஸ்தானத்து ஜனங்கள் பிரிட்டிஷ் ஆட்சி நீங்கிய பின்னரும் மஹாராஜாவின் திவானோடு தனியே போராட வேண்டியிருந்தது. ‘மைசூர் சலோ’ இயக்கம் வலுத்த பிறகே 1947 அக்டோபரில் அங்கே பொறுப்பாட்சி கிடைத்தது. அதே ஷிமோகா ஜில்லாவில்தான் ஈசூர் கிராமம் 1942இல் தன்னைச் சுதந்திர ஊராகப் பிரகடனம் செய்துகொண்டது. அதன் பலனாக 1943இல் அவ்வூரார் ஐவர் தூக்கிலேறினர். ஹெக்கோட்டு வாலிபர் இந்தச் சூட்டில் வளர்ந்தவர்கள். சிறை செல்லும் வேளை முடிந்துவிட்டது. இனிச் செய்வது என்ன என்ற கேள்வி தேசமெங்கும் வாலிபர் மனத்தில் எழுந்த சமயம் அது. சிலர் சட்டசபையை நாடினர். பலர் உத்தியோகத்தை நாடினர். இவர்கள் வேஷம் கட்டினார்கள்.

சங்கத்தின் மூலவர்களுள் ஒருவரான கே. வி. சுப்பண்ணாவுக்கு அப்போது வயது 17. பின்னர் மைசூர் மஹாராஜா காலேஜில் பயின்றார். அங்கே மஹாகவி குவெம்பு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். பட்டம் பெற்றதும் அவர் செய்த காரியம்தான் விசேஷமானது. நேரே ஹெக்கோட்டுக்குத் திரும்பித் தோட்ட வேலையைப் பார்க்கலானார். நமது நாட்டில் பட்டதாரி ஒருவன் கிராமத்துக்குத் திரும்பினால், பரீக்ஷையில் தேறவில்லை போலும் என்று ஊரார் அநுதாபத்துடன் விசாரிப்பது வழக்கம். சுப்பண்ணாவோ 2005இல் காலமாகும் வரை அவ்வூரை விட்டுக் குடிபெயரவில்லை. பாக்கு விவசாயம் செய்துகொண்டே நாடகம் நடத்தினார். அக்ஷர பிரகாசனம் என்ற புத்தகப் பதிப்பகத்தை அங்கிருந்தே நடத்தினார். கன்னடத்தின் ஆதி இலக்கண அலங்கார நூலான கவிராஜமார்க்கத்தை ஆராய்ந்து எழுதினார். 1991இல் பிலிப்பைன் தேசத்திலிருந்து மாக்ஸேஸே பரிசு அவரைத் தேடி வந்தது. பரிசின் பெருமையைச் சொல்வது எமது நோக்கமன்று. அது வந்து சேர்ந்த விலாசமே கவனிக்கத் தக்கது.

அப்பிரதேசத்தில் யக்ஷகானம் வேரூன்றிய கலை. அறுவடைக்குப் பின் மேளக்காரர் ஊரூராகச் சென்று இரவு முழுவதும் ஆடுவர். மழைக்காலத்தில் ஆட்டமும் வேஷமும் இல்லாமல், நடுக்கூடத்தில் உட்கார்ந்தபடியே பாகவதர் பாட, அர்த்தம் சொல்லுவோர் கிருஷ்ணனாகவும் கர்ணனாகவும் நின்று வாதாடும் தாளமத்தளை என்னும் வகையும் உண்டு. வக்கீல்கள் போய்க் கேட்டால் வெட்கித் திரும்பும்படியான வாதங்கள் அவற்றில் நடக்குமென்பர். எழுத்தறியாதவனும் தர்மசூக்ஷ்மத்தைச் செவியால் அறிந்த பூமி அது. ஹெக்கோட்டு வாலிபர் புதிய நாடகத்தை வெறுந்தரையில் நடவில்லை. ஏற்கெனவே உழுது பண்பட்ட நிலத்தில் நட்டார்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நவீன நாடகம் என்றாலே பழைய கூத்தைப் பழிக்க வேண்டும் என்று எண்ணும் ஆங்கிலம் படித்த மேதாவிகள் நம்மிடையே இன்றும் குறைவில்லை. ஹெக்கோட்டில் யக்ஷகானத்தை அப்புறப்படுத்திவிட்டு ஷேக்ஸ்பியரைக் குடியேற்றவில்லை. இருவரும் ஒரே பந்தலில் இடம் பெற்றார்கள்.

முதல் இருபது வருஷங்கள் எல்லா ஊர்ச் சங்கங்களையும் போலவே கழிந்தன. பகலில் தோட்ட வேலை, இரவில் ஒத்திகை. கிடைத்த கொட்டகையில் ஆட்டம். பிறகுதான் இவர்களுக்கும் மற்றவர்க்கும் உள்ள பேதம் வெளிப்பட்டது. 1972இல் அச்சிற்றூரில் நிரந்தரமான நாடக மண்டபம் ஒன்று எழுந்தது. யக்ஷகானத்துக்கும் நாவலுக்கும் ஒருங்கே உழைத்த காந்தீயவாதியான சிவராம காரந்தின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். ஏதேனும் ஒரு மந்திரியின் பெயரைச் சூட்டியிருந்தால் பணம் இன்னும் இலகுவில் கிடைத்திருக்கலாம்.

1973இல் திரைப்படச் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். வங்காளத்தின் ‘பதேர் பாஞ்சாலி’, இத்தாலியரின் ‘சைக்கிள் திருடர்கள்’, ஜப்பானியரின் ‘ராஷோமோன்’ முதலிய படங்களைத் தருவித்துக் குடியானவருக்குக் காட்டினார்கள். சைக்கிளைப் பறிகொடுத்த தொழிலாளியின் துயரத்தை விளங்கிக்கொள்ள ரோமாபுரிக்குப் போய்வந்திருக்க வேண்டுமென்பதில்லை. சைக்கிளில் பிழைப்பவனுக்கு அது தானே விளங்கும். உயர்ந்த கலையைக் கிராமவாசி ரசிக்கமாட்டான், அவனுக்கு வேண்டியது மட்டரகமே என்று சொல்லித்தான் நமது படமுதலாளிகள் அரை நூற்றாண்டுக்கு மேலாக மட்டரகத்தை விற்றுக் கொழுத்தார்கள். அந்த வாதத்தை ஹெக்கோட்டார் பேசி மறுக்கவில்லை. படத்தை ஓட்டி மறுத்தார்கள்.

1980இல் நாடகப் பள்ளி பிறந்தது. சற்றேறக்குறைய ஒரு வருஷப் பயிற்சி. கன்னட நாட்டின் நானா பகுதிகளிலிருந்தும் வரும் வாலிபரும் யுவதிகளும் அங்கேயே தங்கிப் பயில்வர். குரல், தேகப்பயிற்சி, பாட்டு, ஒப்பனை, ஒளியமைப்பு, மேடைச் சாமான் செய்தல், நாடக சரித்திரம் எல்லாம் பாடங்கள். இதன் வளர்ச்சியில் பி. வி. காரந்தின் உதவி பெரிது. அவர் சிறுவனாக வீட்டை விட்டு ஓடிக் குப்பி வீரண்ணாவின் கம்பெனியில் சேர்ந்து, பின்னாளில் டெல்லி தேசீய நாடகப் பள்ளிக்கே தலைவரானவர். கம்பெனி நாடகத்தின் சங்கீதமும் படிப்பின் நுணுக்கமும் ஒரே மனிதரிடம் கூடியிருந்தது கன்னட நாடகத்தின் பாக்கியம். நம்மிடையே சங்கரதாஸ் ஸ்வாமிகளின் மாணாக்கர் பரம்பரை ஒரு பக்கமும், நாடகத்தைப் புஸ்தகத்தில் கற்றவர் மற்றொரு பக்கமும் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே போயினர்.

பள்ளியில் தேறினவர்கள் எங்கே போவது? இக்கேள்வியிலிருந்து பிறந்ததே 1985இல் தொடங்கிய ‘திருகாட’. கன்னடத்தில் இச்சொல்லுக்குச் சுற்றித்திரிதல் என்று பொருள். எமது அபிப்பிராயத்தில் ஹெக்கோட்டார் செய்த காரியங்களில் தலைசிறந்தது இதுவே. ஆகையால் இதன் ஏற்பாட்டைச் சற்று விவரமாகவே கூறுவோம்.

மழைக்காலத்தில், வெளியே கால் வைக்க முடியாத மாதங்களில், தேர்ந்தெடுத்த நடிகர் குழு ஹெக்கோட்டில் கூடி நாடகங்களைத் தயாரிக்கிறது. ஒன்று பெரும்பாலும் உலக இலக்கியத்திலிருந்தோ சம்ஸ்கிருதத்திலிருந்தோ மொழிபெயர்த்தது. மற்றவை கன்னட ஆசிரியருடையவை. மழை விட்டதும் குழு புறப்படுகிறது. திரை, விளக்கு, ஆடை, வாத்தியம், ஆட்கள் எல்லாம் கூடவே செல்லும். மாதக்கணக்கில் கர்நாடகத்தின் ஜில்லாக்களைச் சுற்றிவருவார்கள். செல்லும் ஒவ்வோர் ஊரிலும் உள்ளூர்ச் சங்கமொன்று இவர்களை அழைத்து, இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்து, ஜனங்களைக் கூட்ட வேண்டும். பள்ளிக்கூட மைதானமானாலும் சரி, பாக்கு மண்டியானாலும் சரி, கிடைத்த இடத்தில் மேடை அமைப்பார்கள். நடிகனே மூட்டை தூக்குவான். அரசனாக வேஷம் கட்டுபவனே முளையடிப்பான். ஆட்டம் முடிந்ததும் அரசியும் தோழியும் திரையை மடித்துக் கட்டுவார்கள். மறுநாள் வேறு ஊர்.

இதில் அடங்கிய சூக்ஷ்மம் யாதெனில், நாடகம் செல்லும் ஒவ்வோர் ஊரிலும் அதை வரவேற்க ஒரு சிறு சங்கம் உயிரோடு இருந்தாக வேண்டும் என்பதே. அந்தச் சங்கம் வருஷத்தில் சில இரவுகளேனும் கணக்கு எழுதி, டிக்கெட்டு விற்று, நாற்காலி பிடித்து, சண்டை போட்டு, சமாதானமாகிப் பழக வேண்டியிருக்கிறது. ஊர்க் காரியத்தை ஊரார் சேர்ந்து நிர்வகிக்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல பாடசாலை எமக்குத் தெரியவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் தொண்டர் படை திரட்டுகிறோமே, மறுநாள் அந்தப் படை எங்கே போகிறது? எமது கட்சி நண்பர்கள் இதைக் கோபமின்றி யோசிக்க வேண்டுகிறோம்.

நிற்க. இச்சங்கத்தின் நோக்கம் என்ன என்று தேசீயவாதிகள் கேட்பது நியாயமே. ஹெக்கோட்டு நாடகங்களில் கட்சிக் கொடி இல்லை; கோஷம் இல்லை. பிரசாரம் செய்யாத நாடகத்தால் தேசத்துக்கு என்ன லாபம் என்று சில நண்பர்கள் வினவுகிறார்கள். இவர்கள் நமது விசுவநாத தாஸை உதாரணம் காட்டுவார்கள். முருகனாக மேடையில் அமர்ந்தபடியே 1940இல் சென்னையில் உயிர் நீத்த அந்த வீரர், பாடியதற்காகவே பன்முறை சிறைப்பட்டவர். தெ. பொ. கிருஷ்ணசாமிப் பாவலரின் ‘கதரின் வெற்றி’யையும் காட்டுவார்கள். அவ்வடிவில் நாடகம் ஒரு காலத்தில் காங்கிரஸின் வலது கையாக இருந்தது என்பதை நாம் அனைவரும் அறிவோம். வாயைக் கட்டியிருந்த காலத்தில் வேஷத்தின் மூலமாகவேனும் பேச வேண்டியிருந்தது. அது ஆபத்து தர்மம். எல்லோரும் மைக் வைத்துப் பேசும் காலத்தில் நாடகமும் இன்னொரு மைக்காகவே இருக்க வேண்டுமென்பது எந்த தர்மம்?

கன்னட நாட்டிலேயே இவ்விவாதத்தின் இரு பக்கங்களையும் காணலாம். 1975இல் தோன்றிய ‘சமுதாயம்’ என்ற நாடக இயக்கம் தெருவில் இறங்கியது. பீஹாரின் பெல்ச்சி கிராமத்தில் 1977இல் ஹரிஜனங்களை எரித்துக் கொன்ற கொடுமையை நாற்சந்திகளில் நடித்துக் காட்டியது. அதன் மூலவரான பிரசன்னா டெல்லி நாடகப் பள்ளியில் தேறியவர். அவர் பின்னாளில் எங்கே வந்து அமர்ந்தார் தெரியுமா? இதே ஹெக்கோட்டில். வந்தவர் கைத்தறியைக் கையிலெடுத்தார். ‘சரகா’ என்ற பெயரில் கிராமத்துப் பெண்களின் கூட்டுறவுச் சங்கமொன்றை வளர்த்தார். இயற்கைச் சாயமிட்ட துணி அங்கே நெய்யப்படுகிறது. நாடகமும் ராட்டையும் ஒரே ஊரில் இவ்வாறு சந்தித்ததைக் கேட்டால் சபர்மதிக் கிழவர் புன்னகை புரிந்திருப்பார் என்றே தோன்றுகிறது. ஆனால் இதைக் கொண்டு தெருநாடகம் தோற்றது, மேடை வென்றது என்று தீர்ப்புக் கூற நாம் விரும்பவில்லை. 1989இன் முதல் நாளில் டெல்லிக்கு அருகே ஜண்டாபூரில் தொழிலாளருக்காக நாடகமாடிக்கொண்டிருந்த ஸப்தர் ஹாஷ்மியைக் குண்டர் தாக்கினர்; மறுநாள் அவர் உயிர் பிரிந்தது. அத்தகைய நாடகத்துக்கு அவசியம் தீர்ந்துவிடவில்லை. இரண்டும் வெவ்வேறு பயிர் என்பதே எமது கருத்து. ஒன்று குறுவை, மற்றொன்று தென்னை. குறுவை மூன்று மாதத்தில் கைக்கு வருகிறதென்பதற்காகத் தென்னந்தோப்பை யாரும் வெட்டுவதில்லை.

இவ்வளவு புகழ்ந்த பின், எம் மனத்தை உறுத்தும் விஷயங்களையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

முதலாவது ஜாதியும் நிலமும். சங்கம் பிறந்து இரண்டே வருஷத்தில், 1951இல், அதே சாகர தாலூகாவின் காகோட்டில் குத்தகைக் குடியானவர் சத்தியாக்கிரகம் செய்தார்கள். குத்தகை நெல்லை அளக்கும் ‘கொளகம்’ என்னும் மரக்காலைப் பற்றிய தகராறு அது. நிலச்சுவான்தார் உரிய அளவினும் பெரிய கொளகத்தால் அளந்து வாங்கினர். குடியானவர் நியாயமான அளவு கேட்டனர். டாக்டர் ராம் மனோஹர் லோஹியா அங்கே சென்று கைதானார். உழுதவர் பெரும்பாலும் தீவர் என்னும் வகுப்பார். நிலமுடையவரில் உயர்ஜாதியார் அதிகம். சங்கத்தை ஆரம்பித்த வாலிபரோ பாக்குத் தோட்டக் குடும்பத்துப் பிள்ளைகள். நாடகக் கொட்டகையில் அளந்தவனும் அளக்கப்பட்டவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்களா என்பது, கலையின் பெயரால் ஒதுக்கிவிடத்தக்க கேள்வியன்று. சுப்பண்ணா லோஹியாவின் கொள்கைகளில் ஈடுபாடுடையவர். பிற்காலத்தில் சங்கம் இத்துறையில் முயன்றதற்கும் சாக்ஷி உண்டு. பல தலைமுறைகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, வட கன்னட ஜில்லாவின் காட்டோரங்களில் வாழும் சித்தி வகுப்பாருக்கு நீனாசத்தார் நாடகப் பயிற்சி அளித்தனர். நைஜீரிய ஆசிரியர் சினுவா அச்செபேயின் நாவலை நாடகமாக்கி அவர்களே நடிக்கச் செய்தனர். தமது பூர்வீகத்தின் கதையை அவர்கள் கன்னடத்தில் நடித்தார்கள். இது சிறிய காரியமன்று. எனினும் தூரத்துச் சித்தியைக் கைதூக்குவதினும் பக்கத்து வயலில் உள்ளவனோடு சமமாக அமர்வது கடினம் என்பதை நமது ஊர்களைக் கொண்டே அறிவோம்.

இரண்டாவது பணம். 1980களில் கர்நாடகத்தின் பல பாகங்களிலும் நாடக, திரைப்பட முகாம்கள் நடத்துவதற்காக ‘ஜனஸ்பந்தன’ என்ற திட்டத்தைச் சங்கம் மேற்கொண்டது. அதற்கு அமெரிக்காவின் போர்டு ஸ்தாபனம் பொருளுதவி செய்தது. அந்நியரின் தர்மத்தில் சுதேசிக் கலை வளர்ப்பது எமக்கு ருசிக்கவில்லை. அந்தப் பணம் எத்தனை நாணயமாகச் செலவாயிற்று என்பது வேறு விஷயம். நன்கொடை வரும் வழியிலேயே யோசனையும் வரும். யோசனை வரும் வழியிலேயே எஜமானரும் வருவர். ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். அத்திட்டம் முடிந்ததும் சங்கம் முடிந்துபோகவில்லை. வந்த பணத்துக்கு முன் 30 வருஷம் சொந்தக் காலில் நின்ற ஸ்தாபனமாதலால், கைத்தடியை எடுத்தபோது விழவில்லை. நமது நாட்டிலோ முதலில் மான்யத்துக்கு மனுப் போட்டுவிட்டு அப்புறமே சங்கத்தின் பெயரை யோசிக்கிறார்கள்.

மூன்றாவது, சினிமாவும் டெலிவிஷனும் கொள்ளையிடுவது. ஹெக்கோட்டில் பயின்ற பலர் கன்னடப் படவுலகிலும் தொடர்களிலும் பெயர் பெற்றிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ‘நீனாசம் சதீஷ்’ என்று பள்ளியின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் தரித்துக்கொண்டிருக்கிறார். இதில் பெருமையும் உண்டு, சோகமும் உண்டு. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு வயிறு இருக்கிறது. அதைப் பழிக்க நாம் யார்? 1931இல் பேசும்படம் வந்ததும் நமது பாலர் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கரைந்து, அவற்றில் பயின்ற பிள்ளைகள் ஸ்டூடியோ வாசலில் நின்ற சரித்திரம் நமக்கு மறந்துவிடவில்லை. ஒரு பேதம் உண்டு. நமது கம்பெனிகள் நடிகர் போனதும் மூடின. ஹெக்கோட்டில் அடுத்த வருஷத்துக்கு அடுத்த வகுப்பு வந்து உட்காருகிறது. ஏனெனில் அது நடிகரை நம்பி நின்ற ஸ்தாபனமன்று, ஊரை நம்பி நின்றது.

இனி நமது நிலைமை. தமிழ்நாட்டுக்கு இந்த யோகம் கிட்டாமற் போனதற்கு ஞானமின்மை காரணமன்று. 1918இல் மதுரையில் சங்கரதாஸ் ஸ்வாமிகள் பாலர்களைக் கூட்டி நடத்திய சபை போன்றது அந்நாளில் தென்னாட்டில் வேறெங்கிருந்தது? 1944இல் ஈரோட்டில் நாடகக் கலை மகாநாடு கூடிற்று. 1977இல் காந்திகிராமத்தில் பல வாரங்கள் நாடகப் பட்டறை நடந்தது. அதிலிருந்து வெளிவந்தவர் பலர் பின்னர் நல்ல நாடகங்கள் செய்தனர். அதே வருஷத்தில் சென்னையில் கூத்துப்பட்டறை தோன்றியது. ஆனால் பட்டணத்தில் தோன்றியது பட்டணத்திலேயே நின்றது. கிராமத்தில் நடந்தது முகாம் கலைந்ததும் கலைந்தது. பொங்கலுக்கும் அம்மன் கொடைக்கும் ஊர் வாலிபர் தாமே எழுதி, தாமே நடித்த சமூக நாடகங்கள் ஒரு தலைமுறைக்கு முன்வரை நமது கிராமாந்தரங்களில் சர்வசாதாரணம். கைத்தட்டலுக்குப் பஞ்சமில்லை, பயிற்சிக்கே பஞ்சம். அவர்களுக்கு ஒரு நல்ல நாடகப் பிரதியைக் கொடுக்கவோ, குரலைத் திருத்தவோ படித்தவர் ஒருவரும் பட்டணத்திலிருந்து திரும்பி வரவில்லை. பிறகு மேடையை இன்னிசைக் கச்சேரியும் சினிமாப் பாட்டுக்கு ஆடும் கோஷ்டியும் பிடித்துக்கொண்டன.

சட்டமும் தன் பங்கைச் செய்தது. 1876இல் பிரிட்டிஷார் பிறப்பித்த நாடக நிகழ்ச்சிச் சட்டத்தை நாம் எவ்வளவு கண்டித்தோம்! சுதந்திரம் வந்தபின் 1954இல் சென்னை ராஜ்ய சர்க்காரே அதன் அச்சாக மற்றொன்றைக் கொண்டுவந்தது. நம்மவர் சர்க்கார் என்பதால் நாம் அதைத் தொண்டையில் இறக்கிக்கொண்டோம். பிரதியைப் போலீஸ் அதிகாரியிடம் முன்கூட்டிக் கொடுத்து, அவர் படித்து, அநுமதி வழங்கிய பின் நடிக்க வேண்டுமாம்! ‘பரீக்ஷா’ என்ற சிறு நாடகக் குழுவை நடத்திய ஞாநி வழக்குத் தொடுத்து, 2013இல் சென்னை ஹைகோர்ட்டு அச்சட்டத்தின் விதிகள் அரசியல் சாஸனத்துக்கு விரோதமென்று தள்ளும் வரை, கிட்டத்தட்ட 60 வருஷம் அது புஸ்தகத்தில் இருந்தது. 1876ஆம் வருஷத்துத் தாய்ச்சட்டத்தைப் பார்லிமெண்டு 2018இல்தான் அகற்றிற்று. ஊர் வாலிபன் ஒருவன் நாடகம் போட ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டியிருந்தால், அடுத்த வருஷம் அவன் ஆர்க்கெஸ்டிராவுக்கு முன்பணம் கொடுப்பதில் ஆச்சரியமில்லை.

சட்டத்தின் தடை இன்று நீங்கிவிட்டது. இடமில்லை என்பதும் சாக்காகாது. கலியாண மண்டபமில்லாத பஞ்சாயத்து யூனியன் அரிது, முகூர்த்தமில்லாத மாதங்களில் அவை வௌவால்களுக்கே பயன்படுகின்றன. பணத்தைப் பற்றியோவெனில், ஒரு கட்சி மகாநாட்டின் தோரணச் செலவில் ஒரு தாலூகாவுக்கு ஐந்து வருஷம் நாடகம் நடத்தலாம். நமது தொண்டர்கள் அடுத்த கூட்டத்துக்கு எந்தத் தலைவரை அழைப்பது என்று கலந்தாலோசிக்கும்போது, கட்சி வேற்றுமை பாராட்டாமல் ஊரிலுள்ள எல்லாத் தெரு வாலிபரையும் சேர்த்து ஒரு நாடகம் போடுவதைப் பற்றியும் கலந்தாலோசிக்கட்டும். எல்லாத் தெரு என்று நாம் கூறுவதைச் சேரித் தெருவையும் சேர்த்தே கூறுகிறோம். அத்தெருப் பிள்ளை ராஜபார்ட் கட்டச் சம்மதிக்காத ஊரில் நாடகம் நடக்காமலிருப்பதே மேல். பெண் வேஷத்துக்குப் பெண்ணே கிடைக்கும் காலம் இது. ஊர்ப் பெண்ணுக்கு மேடையேறத் தடை சொல்லுகிறவர் யாரென்பதும் அப்போது வெளியாகும்.

ஆசையுள்ள சங்கங்கள் முதலில் இருவரையேனும் ஹெக்கோட்டுக்கு அனுப்பிப் பார்த்துவரச் செய்வது உத்தமம். அக்டோபர் மாதத்தில் அங்கே வருஷந்தோறும் கலாசார முகாம் நடத்துவது சங்கத்தாரின் வழக்கம். பகலில் நூல்களையும் கலைகளையும் பற்றிய உரைகளும் விவாதங்களும், மாலையில் நாடகமுமாக அந்நாட்கள் கழியும். கன்னடம் தெரியாதவருக்கும் கண் இருக்கிறது. பெங்களூரிலிருந்தும் மைசூரிலிருந்தும் தாளகுப்பைக்குச் செல்லும் ரயில் சாகரத்தில் நிற்கிறது; அங்கிருந்து ஹெக்கோடு சில மைல் தூரமே. குடை எடுத்துச் செல்ல மறக்க வேண்டாம்.